புதுக் கறுப்புக் காரின் பெயின்ட்டை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி இதுதான்: கேட்டவருக்குச் சென்னையில் வேளச்சேரிப் பக்கம் வீடு. கறுப்பு நிறத்தில் புதுக் கார் புக் செய்திருக்கிறார், டெலிவரிக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங், செராமிக் கோட்டிங் என்று ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். நண்பர் ஒருவர் அதெல்லாம் வேஸ்ட், பிபிஎஃப் என்ற தடித்த பிளாஸ்டிக் படலத்தைப் பெயின்ட்டின் மேல் ஒட்டினால்தான் அது பிழைக்கும் என்கிறார். பார்க்கிங் பாதி நேரம் மரத்தடியில், வீட்டில் போர் தண்ணீர். எதைப் போடுவது, பத்து வருஷம் கழித்தும் பளபளப்பு நிற்குமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷோரூமில் எதுவும் போட வேண்டாம். பணம் இருந்தால் முன்பக்கத்துக்கு மட்டும் பிபிஎஃப். செராமிக் போடலாம், ஆனால் வெளியே நல்ல இடமாகப் பார்த்து. இவை எல்லாம் இரண்டாம் பட்சம். காரைத் தினமும் யார் துடைக்கப் போகிறார், எந்தத் துணியால் துடைக்கப் போகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கறுப்புக் காரின் தலையெழுத்து அந்தத் துணியில்தான் இருக்கிறது.

ஏன் என்று புரிய, பெயின்ட் எப்படி அமைந்திருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. தகட்டின் மேல் முதலில் துருப்பிடிக்காமல் இருக்க மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கவைக்கும் ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்தே 100 முதல் 140 மைக்ரான்தான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் ரசாயனமும் அந்தக் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கிறது. காரின் ஆயுள் முழுக்க நீங்கள் காப்பாற்ற வேண்டியது, முடியைவிட மெல்லிய அந்த ஒரு படலத்தை.

கறுப்பு பெயின்ட் மட்டும் மென்மையானது, சீக்கிரம் கீறும் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. ஒரே கம்பெனியின் வெள்ளைக் காருக்கும் கறுப்புக் காருக்கும் மேலே இருப்பது பெரும்பாலும் ஒரே கிளியர் கோட்தான், கீறலும் ஒரே அளவுதான் விழுகிறது. வெள்ளை தன்மேல் படும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடுவதால் கீறலில் பட்டுத் திரும்பும் சின்ன மினுக்கல் அதில் கரைந்துபோகிறது. கறுப்பில் பின்னணி இருட்டு. ஒவ்வொரு கீறலும் தனித்தனியாக மின்னும். பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே கறுப்புக் காரை நிறுத்திப் பாருங்கள், விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல வட்டம் வட்டமாகத் தெரியும். வட்டமாகத் துடைத்ததால் அப்படி ஆனது என்று நினைப்போம். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. அவற்றில் வெளிச்சத்துக்குக் குறுக்கே விழுந்தவை மட்டும் நம் கண்ணுக்கு மின்னுவதால் வட்டம்போலத் தோன்றுகிறது. எனவே நேர்க்கோட்டில் துடைத்தால் தப்பிக்கலாம் என்பதும் முழுத் தீர்வு இல்லை. மெட்டாலிக் கறுப்பு, பேர்ல் கறுப்பு என்றால் உள்ளே இருக்கும் மினுமினுப்புத் துகள் கொஞ்சம் மறைத்துக் கொடுக்கும். சுத்தக் கறுப்பில் எதுவும் மறையாது.

டெலிவரி நாளிலிருந்தே கவனம் வேண்டும். பல கார்களுக்கு முதல் கீறல் ஷோரூமிலேயே விழுந்துவிடுகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த கார் யார்டில் தூசி மண்டிக் கிடக்கும். டெலிவரிக்கு முந்தின நாள் அவசரமாகக் கழுவி, கைக்குக் கிடைத்த துணியால் துடைத்து, மேலே பளபளப்புக்கு எதையாவது தேய்த்து நிறுத்துவார்கள். அந்த எண்ணெய்ப் பளபளப்பு கீறலை இரண்டு வாரம் மறைக்கும், அப்புறம் தெரிய ஆரம்பிக்கும். அதனால் சேல்ஸ் ஆளிடம் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுதிச் சொல்லிவிடுங்கள்: வாட்டர் வாஷ் வேண்டாம், பாலிஷ் வேண்டாம், தூசியோடு கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. முடிந்தால் பதிவுக்கு முன்னாலேயே யார்டுக்குப் போய் போன் டார்ச்சைத் தகட்டுக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு கதவாகப் பாருங்கள். அடிபட்டு ரீபெயின்ட் ஆன கதவு என்றால் பக்கத்துக் கதவோடு நிறமோ மேற்பரப்பின் ஆரஞ்சுத் தோல் போன்ற நெளிவோ ஒத்துப்போகாது. பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கும் ஆளைக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. எல்லா இடத்திலும் 110, 120 என்று காட்டிவிட்டு ஒரே இடத்தில் 250 காட்டினால் அங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் பூஜை. சந்தனமும் குங்குமமும் பானெட்டில் வைப்பதுதான் வழக்கம். சந்தனத்தில் நறநறப்பு இருக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்த குங்குமம் காரத்தன்மை உள்ளது. மதியம் வரை வெயிலில் காய்ந்தால் கறுப்புத் தகட்டில் பொட்டின் தடம் அப்படியே விழும். முன்கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வையுங்கள் என்றால் எந்த அர்ச்சகரும் கோபித்துக்கொள்வதில்லை. பானெட்டில் வைத்துவிட்டார் என்றால் நகத்தால் சுரண்டாமல், நனைத்த துணியை இரண்டு நிமிஷம் மேலே போட்டு ஊறவிட்டு எடுங்கள். மாலை கட்டிய கம்பி தகட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரத்தித் தண்ணீர் டயரோடு நிற்கட்டும், பம்பருக்கு ஏற வேண்டாம்.

இப்போது தினசரித் துடைப்புக்கு வருவோம். சென்னையில் அபார்ட்மென்ட்டுக்கு அபார்ட்மென்ட் காலை ஐந்தரைக்கு ஒருவர் வந்துவிடுவார். கையில் ஒரு பக்கெட், ஒரு துணி. முடிக்க வேண்டியது பத்துப் பன்னிரண்டு கார். துணியை நனைத்துப் பிழிந்து கூரையில் ஆரம்பிப்பார், பானெட், கதவு, கதவுக்குக் கீழே மண் அப்பிய விளிம்பு, சில நாள் சக்கரமும். திரும்பப் பக்கெட்டில் முக்குவார். மூன்றாவது கார் வரும்போதே தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். அந்தத் துணியின் மடிப்பில் இப்போது முதல் இரண்டு காரின் தூசி இருக்கிறது. நம் ஊர்த் தூசியில் கணிசமான பங்கு மணல்தான். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். கிளியர் கோட் என்பது என்னதான் இருந்தாலும் ஒரு வகை பிளாஸ்டிக். ஈரத் துணியை அழுத்தித் தேய்க்கும்போது மணல் ஓடிவிடுவதில்லை, துணியில் சிக்கிக்கொண்டு கூடவே இழுபடுகிறது. இப்படி வருஷத்துக்கு முந்நூறு காலை நடந்தால் எந்தக் கோட்டிங்கும் தாங்காது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு நாம் வேறு துணி வாங்கிக் கொடுத்ததும் இல்லை. செய்ய வேண்டியது எளிது: கண்ணாடி, டயர், உள்பக்கம் மட்டும் பாருங்கள், பாடியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்த வாரமே பழைய சம்பளத்துக்காகப் பழைய வேலையை ஆரம்பித்துவிடுவார். இவரைவிடக் கஷ்டம், யாரும் கேட்காமலேயே 'சார் வண்டி தூசியா இருந்துச்சு' என்று அன்போடு துடைத்துவைக்கும் வாட்ச்மேன். அவரிடம் ஒருமுறைக்கு நாலுமுறை சொல்ல வேண்டியிருக்கும். காரின் தூசியைத் தட்ட விற்கிறார்களே, மெழுகு தடவிய நூல் குஞ்சம், அதையும் கறுப்புக் கார் பக்கம் கொண்டுவர வேண்டாம். வறண்ட தூசியைத் தகட்டின் மேல் இழுப்பதில் அதற்கும் துணிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

தூசி சும்மா உட்கார்ந்திருப்பதால் பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. இதை மனசு ஏற்றுக்கொள்வதுதான் பலருக்குக் கஷ்டம். கறுப்புக் கார் இரண்டாம் நாளே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும், பக்கத்து வீட்டுக்காரர் கதவில் விரலால் பெயர் எழுதுவார். வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை முறையாகக் கழுவுங்கள், நடுவில் விட்டுவிடுங்கள்.

முறையாகக் கழுவுவது என்றால் என்ன? காலை எட்டு மணிக்கு முன், அல்லது வெயில் தாழ்ந்தபின், நிழலில். கோடை மதியத்தில் வெட்டவெளியில் நின்ற கறுப்புத் தகடு 70 டிகிரியைத் தொடும், அதன்மேல் ஷாம்பு ஊற்றினால் அங்கேயே காய்ந்து தடம் பிடிக்கும். பானெட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் இது நேரம் இல்லை. முதலில் தொடாமல் தண்ணீர் அடித்து மண்ணை இறக்க வேண்டும். சின்ன பிரஷர் வாஷர் இருந்தால் ஒன்றரை இரண்டு அடி தள்ளி நின்று அடியுங்கள், பெயின்ட் சில்லு விட்ட இடத்தில் கிட்டத்தில் அடித்தால் உரித்தெடுத்துவிடும். நுரை போட்டு நாலைந்து நிமிஷம் ஊறவிட்டு மறுபடி அடித்தால் மணலில் பெரும்பகுதி தானே போய்விடும். அதற்கப்புறம்தான் கை படலாம். இரண்டு பக்கெட், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையால் ஒரு கதவு துடைத்ததும் வெறும் தண்ணீரில் அலசி, பிறகுதான் ஷாம்பில் முக்க வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். கதவின் கீழ்ப்பாதியும் பின் பம்பரும் கடைசியில், முடிந்தால் வேறு கையுறையால். சக்கரத்துக்குத் தனிப் பக்கெட், தனித் துணி. பிரேக் தூளில் இரும்புத் துகள் இருக்கும், அது மேலே ஏறவே கூடாது.

சோப்புத் தூள் வேண்டாம், கரையாத துகளே கீறும், காரமும் அதிகம். பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒருநாள் போட்டால் கார் பாழாகிவிடாது, ஆனால் மேலே போட்ட மெழுகைத் துடைத்தெடுத்துவிடும். கார் ஷாம்பு ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வரும், இதில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. உலர்த்த, நீள நூல் உள்ள பெரிய டவலை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தாலே தண்ணீரைக் குடித்துவிடும், தேய்க்க வேண்டியதில்லை. தரையில் விழுந்த டவல் அன்றைக்கு டயர் துடைக்கும் துணி, அவ்வளவுதான். டவல்களை வீட்டுத் துணியோடு போடாமல் தனியாகத் துவையுங்கள், வாசனைக்கு ஊற்றும் சாஃப்ட்னரும் வேண்டாம், நூலின் மேல் படிந்து உறிஞ்சுவதைக் கெடுத்துவிடும்.

ஹோஸுக்கே அனுமதி இல்லாத குடியிருப்பு என்றால், அல்லது 2019 கோடையில் ஏரிகள் வறண்டதுபோல ஒரு பஞ்சம் வந்தால், அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் என்று ஒரு திரவம் வருகிறது. ஒரு பக்கெட் தண்ணீரில் மூடியளவு கலந்து, பல துணிகளை ஊறப்போட்டு, பக்கத்துக்கு ஒரு துணியாக எடுத்துத் துடைப்பது. சாதாரணத் தூசிக்கு நன்றாகவே வேலை செய்யும். மழையில் போய்ச் சேறு அப்பிவந்த காருக்கு ஆகாது.

சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் 'வாஷ் வேண்டாம்' என்று எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது வாஷ் பே வரை போய்ச் சேராது. இலவச வாஷ்தானே என்று விட்டால் அதே நாற்பது காருக்கு ஓடிய பிரஷ்தான் உங்கள் காருக்கும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னையில் கறுப்புக் காரின் இரண்டாவது எதிரி அதுதான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. வேளச்சேரி, ஓஎம்ஆர் பக்கம் போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். 1,500 என்று வைத்துக்கொள்வோம். கழுவி முடித்தபின் ஒரு லிட்டர் தண்ணீர் காரின் மேலேயே நின்று காய்ந்தது என்றால் ஒன்றரை கிராம் உப்பும் சுண்ணாம்பும் பெயின்ட்டில் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்கிறது. முதல் நாள் அது வெறும் வெள்ளைப் புள்ளி, துடைத்தால் போகும். சூட்டில் நாலு நாள் வெந்தால் கிளியர் கோட்டுக்குள் குழி பறித்துவிடும், பாலிஷ் போடாமல் போகாது.

ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியே போகும் தண்ணீரை வீணாக்காமல் கார் கழுவுகிறேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அது மிஷின் பிரித்தெடுத்துத் தள்ளிய உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர். போர் தண்ணீரைவிட மோசம். வீட்டுத் தரைக்கு ஊற்றுங்கள், கறுப்புக் காருக்கு வேண்டாம். அதற்கு நேர்மாறானது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. கோடையில் ஒரு ராத்திரியில் பக்கெட் நிறையும். துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கு அதை ஊற்றினால் உலர்த்துவது பாதி சுலபமாகிவிடும். லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை.

புதிதாக விழுந்த உப்புப் புள்ளிக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்து எடுத்து நன்றாக அலசிவிடுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள், தேய்த்துத் தேய்த்துப் பார்க்க வேண்டாம்.

மரத்தடி. நிழல் கிடைக்கிறது என்பது உண்மை, ஆனால் எந்த மரம் என்று பாருங்கள். தூங்குமூஞ்சி மரத்தில் அரக்குப்பூச்சி வந்தால் பிசுபிசுவென்று சொட்டிக்கொண்டே இருக்கும். மாமரம் பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சியால் இதே கதை, அந்தப் பிசுக்கின் மேல் கரும்பூஞ்சையும் படரும். வாதுமை மரம், நாவல் மரம் என்றால் ராத்திரி வௌவால், காலையில் ஊதா நிற எச்சம். எதற்குக் கீழே நிறுத்தினாலும் காக்கை ஒன்று உண்டு.

பறவை எச்சம் சும்மா கறை இல்லை. அதில் அமிலமும் இருக்கிறது, செரிமான நொதிகளும் இருக்கின்றன. கூடவே சூடு. வெயிலில் கிளியர் கோட் லேசாக இளகி விரிகிறது, சாயங்காலம் குளிர்ந்து இறுகும்போது காய்ந்த எச்சத்தின் மேடுபள்ளத்தோடு சேர்ந்தே இறுகுகிறது. எச்சத்தை எடுத்தபின்னும் அந்த இடம் மங்கலாக, சுருங்கியதுபோலத் தெரிவது அதனால்தான். கறுப்புத் தகடு மற்ற நிறங்களைவிட அதிகம் சூடாவதால் இங்கே அவகாசம் குறைவு. காலையில் விழுந்ததை மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும். டிக்கியில் ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணீர், அதில் சில துளி ஷாம்பு, இரண்டு பழைய மைக்ரோஃபைபர் துணி வைத்துக்கொள்ளுங்கள். எச்சத்தின் மேல் நன்றாகத் தெளித்து, ஈரத்துணியை மேலே மூடி இரண்டு மூன்று நிமிஷம் விடுங்கள். பிறகு துணியால் கிள்ளி எடுப்பதுபோல மேல்நோக்கித் தூக்குங்கள், பக்கவாட்டில் இழுக்காதீர்கள். காக்கை தின்றதில் மணலும் விதையும் இருக்கும். மிச்சத்துக்கு மறுபடி தெளித்து, துணியின் வேறு பக்கத்தால். காய்ந்த டிஷ்யூ பேப்பரால் துடைத்துவிட்டுப் போவது எச்சத்தைவிட அதிகக் கெடுதல் செய்யும்.

இதேபோல அவசரமானது சிமென்ட். மெட்ரோ வேலையோ பக்கத்து வீட்டுக் கட்டடமோ நடக்கும் இடத்தில் சிமென்ட் தூசி உட்கார்ந்து, மேலே தூறல் விழுந்தால் கடும் காரமாகி ஒட்டிக்கொள்ளும். அபார்ட்மென்ட்டுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கும் வாரம் காரை வேறு தெருவில் விடுங்கள். புதுத் தார் ரோட்டில் போய்க் கீழ்ப்பக்கம் தார்ப் புள்ளி விழுந்திருந்தால் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டாலே இளகிவிடும், அப்புறம் ஷாம்பு.

சரி, இப்போது கோட்டிங்.

டெஃப்லான் என்று ஷோரூமில் விற்பதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தோசைக்கல்லில் டெஃப்லானைப் பிடிக்கவைக்க முந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். காரை அப்படிச் சூடாக்கினால் பெயின்ட்டே மிஞ்சாது. அந்தப் பெயரில் தடவுவது பெரும்பாலும் பாலிமர் சீலன்ட், அதாவது மெழுகுபோலத் தடவும் செயற்கைப் பூச்சு, சில மாதம் நிற்கும். அதே பொருளைக் கடையில் பாட்டிலாக வாங்கி நீங்களே தடவலாம்.

செராமிக் என்பது சிலிக்கா சார்ந்த திரவம். தடவி, ஆவியாக வேண்டியது ஆவியான பிறகு காரின் மேல் மிஞ்சும் படலம் ஏறக்குறைய ஒரு மைக்ரான். '9எச் கடினம்' என்று விளம்பரத்தில் போடுவார்கள். அது பென்சில் அளவு. பென்சில்களை வரிசையாக வைத்துக் கீறிப் பார்க்கும் சோதனையில் 9எச் பென்சிலுக்கும் கீறவில்லை என்று அர்த்தம். வைரத்துக்கு 10 என்று சொல்லும் மோஸ் அளவுகோல் வேறு. ரோட்டு மணல் பென்சிலைவிட எவ்வளவோ கடினம். ஆக செராமிக் போட்ட காரைப் பழைய துணியால் துடைத்தால் செராமிக்கோடு சேர்ந்து கீறும். கல் அடித்தால் ஒரு மைக்ரான் எதையும் தடுக்காது. உப்புத் தண்ணீர்ப் புள்ளி கூட அதில் நிற்கும், தண்ணீர் உருண்டை உருண்டையாக நின்று ஒரே இடத்தில் காய்வதால் சில சமயம் இன்னும் அழுத்தமாகவே தெரியும்.

பிறகு எதற்கு என்றால், அழுக்கு ஒட்டாது. கழுவும்போது பாதி அழுக்கு தண்ணீரிலேயே போய்விடும், கை படுவது குறையும். கறுப்புக்கு அது பெரிய லாபம். எச்சம், பிசின் எடுக்கக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும். பளபளப்பும் ஆழமாகத் தெரியும். சென்னையில் நடுத்தரக் காருக்கு 15,000 முதல் 40,000 வரை கேட்கிறார்கள். விலையைவிட, போடுவதற்கு முன் என்ன செய்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். புதுக் காருக்குக் கனமான ரப்பிங் தேவையே இல்லை. டார்ச்சில் கீறல் தெரிந்தால் மென்மையான ஒரு சுற்று ஃபினிஷிங் பாலிஷ் போதும். மூடிய அறையா, தெருவோரக் கொட்டகையா என்று பாருங்கள். போட்டபின் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. 'ஐந்து வருஷ வாரன்டி' என்ற தாளைத் திருப்பிப் படித்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே பணம் கட்டிப் பராமரிக்க வேண்டும் என்று இருக்கும்.

புது பெயின்ட் ஆற வேண்டும், மூன்று மாதம் எதுவும் போடக்கூடாது என்பதும் காதில் விழுந்திருக்கும். தொழிற்சாலையில் பெயின்ட்டை 140 டிகிரி அளவில் அடுப்பில் வைத்து எடுக்கிறார்கள், அங்கேயே ஆறிவிட்டது. முதல் நாளே போடலாம். பட்டறையில் ரீபெயின்ட் செய்த பம்பருக்குத்தான் அந்தக் காத்திருப்பு பொருந்தும், அதற்கு ஒரு மாதமாவது விடுங்கள்.

நீங்களே வாராவாரம் கழுவுகிற ஆள் என்றால் என் யோசனை செராமிக்கே வேண்டாம் என்பதுதான். ஸ்ப்ரே சீலன்ட் ஒரு பாட்டில் ஆயிரம் ரெண்டாயிரத்துக்குக் கிடைக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவியபின் தடவினால் அரை மணி நேர வேலை. கார்னாபா மெழுகு கறுப்பில் அழகாக இருக்கும், ஆனால் நம் வெயிலுக்கு ஒன்றிரண்டு மாதம் தாண்டாது. பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்குச் சரி.

பிபிஎஃப் மட்டும்தான் உண்மையில் கல்லடி தாங்கும். வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் காக்க வந்த படலத்தின் வாரிசு அது. நல்லது டிபியு என்ற பாலியூரித்தேன், 150 முதல் 200 மைக்ரான், அதாவது கிளியர் கோட்டைப்போல நாலு மடங்கு. சின்னக் கீறல் வெயில் சூட்டில் தானே மூடிக்கொள்ளும், கறுப்புக் காருக்கு அந்தச் சூடு தாராளமாகவே கிடைக்கிறது. முழுக் காருக்கு 80,000 முதல் இரண்டு லட்சம் வரை ஆகும். பத்து லட்ச ரூபாய்க் காருக்கு அது எனக்குச் சரியாகப் படவில்லை. பானெட், முன் பம்பர், கண்ணாடிக் கூடு, கதவுக் கைப்பிடிக் குழி, கதவு விளிம்பு மட்டும் போதும். அடிக்கடி ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்குப் பின்னால் போகிறவர் என்றால் கண்டிப்பாக. பாதி விலைக்குக் கிடைப்பது பிவிசி, ஒன்றிரண்டு வருஷத்தில் மஞ்சளாகி ஓரம் தூக்கும். காரின் மேலேயே பிளேடு வைத்து வெட்டுகிறார்களா, மிஷினில் வெட்டிக் கொண்டுவருகிறார்களா என்று கேளுங்கள். பிளேடு கை தவறினால் கோடு கிளியர் கோட்டில்தான். கறுப்பில் ஓரங்களில் தூசி சேர்ந்து வெள்ளைக் கோடாகத் தெரியும், அதனால் விளிம்பை உள்ளே மடித்து ஒட்டச் சொல்லுங்கள்.

கவர் வாங்கலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. தூசியோடு இருக்கும் காரின் மேல் கவர் போட்டு, கடற்காற்றில் அது படபடவென்று அடித்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். கழுவி உலர்ந்த காருக்கு, காற்று அடிக்காத இடத்தில் பல நாள் நிறுத்திவைக்கும்போது மட்டும். ஈரமான காருக்கு வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும் இரண்டு மூன்று வருஷத்தில் அந்தச் சிலந்தி வலைக் கீறல் கொஞ்சம் விழத்தான் செய்யும். அப்போது ஒருமுறை நல்ல ஆளிடம் பாலிஷ் போடலாம். பாலிஷ் என்றால் கீறலின் ஆழம் வரை கிளியர் கோட்டைச் சீவி எடுப்பது. மென்மையான சுற்றுக்கு ஒரு மைக்ரான் போகும், கனமான ரப்பிங்குக்கு மூன்று நாலு. மொத்த ஆயுளில் ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு சர்வீஸிலும் 'ரப்பிங் பாலிஷ் போட்டுரலாம் சார்' என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள். இப்படி நாலு வருஷம் போட்ட கார்கள்தான் கூரையில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து நிற்கின்றன.

கல்லடித்து நிறம் போய்த் தகடு தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம், கடலோர ஊரில் அது சீக்கிரம் துருவாகும். கதவுத் தூணிலோ பானெட்டுக்குக் கீழேயோ ஒட்டியிருக்கும் தகட்டில் பெயின்ட்டின் நிறக் குறியீடு இருக்கும். அதைக் காட்டி டச்-அப் பென் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கறுப்பிலும் பல கறுப்பு உண்டு. இடத்தைக் கழுவி உலர்த்தி, ஸ்பிரிட்டால் துடைத்து, பல் குத்தும் குச்சி நுனியில் ஒரு துளி எடுத்துக் குழிக்குள் மட்டும் வைத்தால் போதும். மேடாக நிற்காமல் இரண்டு மூன்று முறை மெல்லியதாக, நடுவில் காயவிட்டு.